கூரை ஏறிய பெயர்ப்பலகை

கொப்பரை வியாபாரிகள் சங்கத் தலைவர் சிங்காரவேலுவின் கார் மலை ஏறும்போதெல்லாம் கொதித்தது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். வாட்டர் பம்பை மாற்றினார்கள், ஃபேனை மாற்றினார்கள், ரேடியேட்டரையே புதிதாக வைத்தார்கள். காரின் முன்பக்கத்தை அடைத்து நின்றது, தலைவரின் பெயரும் ஏழு பட்டங்களும் பொறித்த பித்தளைப் பலகை. அதைத் தொட மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

புது டிரைவர் மாதையனிடம் தலைவர் உறுமினார்: "நாளைக்கு ஏற்காட்டுல மாநாடு. வழியில வண்டி கொதிச்சா உனக்கு வேலை இல்ல!"

"சரிங்கய்யா. ஆனா உங்க பேரு முழங்கால் உயரத்துல கிடக்குதேன்னுதான் வருத்தம். கூரை மேல ஏத்திட்டா ஊரே அண்ணாந்து பாக்குமுங்க."

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. பலகை கூரைக்குப் போனது.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கார் கொதிக்காமல் ஏறி முடித்தது.

"அப்படி என்னடா பண்ணின?" என்றார் தலைவர்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கய்யா. இன்ஜினுக்குக் காத்து போற வழியில உங்க பேரு நின்னுச்சு. இப்ப வழி விட்டுருச்சு."

தலைவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா, வண்டிக்குப் பதிலா நீங்க கொதிச்சிருப்பீங்க!"