ஸ்டேஷன் மாஸ்டரின் மொட்டு

கோத்தகிரிப் பக்கம் ஒரு மடம். அங்கே குரு நாச்சியாரம்மாவுக்கு வயது நாற்பது. சீடராக வந்து சேர்ந்த வைகுண்டத்துக்கோ அறுபத்து நாலு. ரிடையரான ஸ்டேஷன் மாஸ்டர். குளிக்கும்போதுகூடக் கைக்கடிகாரத்தைக் கழற்றாத மனிதர்.

"உபதேசம் எப்பம்மா?" வந்த அன்றே கேட்டார்.

நாச்சியாரம்மா ஒரு விதைப் பொட்டலத்தைக் கொடுத்தார். "கூம்புப்பூ. ஒரு தடவை வச்சா வருஷா வருஷம் பூக்கும். முதல்ல பூக்கட்டும், சொல்றேன்."

செண்டுமல்லி மூன்று மாதத்தில் பூக்கிறதே, இதுவும் அப்படித்தான் என்று வைகுண்டம் டைம் டேபிள் போட்டுக்கொண்டார். செடி இலையாகவே தள்ளியது. தினமும் காலை ஆறு மணிக்குப் பாத்தி முன் நின்று, "இன்னிக்கு நாப்பது நாள் லேட்டு" என்று அதனிடம் அறிவிப்பார். மடத்துப் பசுக்கள்கூட அதற்குப் பழகிவிட்டன.

ஒரு நாள் மொட்டு வந்தது. ஒரே ஒரு மொட்டு. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

"அம்மா, சிக்னல் விழுந்தாச்சு!"

நாச்சியாரம்மா வந்தார். மொட்டைப் பார்த்தார். கத்தரியை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டார்.

வைகுண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கு அறுபத்து நாலும்மா. இனி எத்தனை வருஷம் கிடக்கு?"

"பூவைச் சுமக்க வேர் இன்னும் தேறலை, மாஸ்டரய்யா."

"என்னையா சொல்றீங்க?"

"செடியைச் சொன்னேன்."

மார்கழிப் பனியில் செடி கருகித் தரையோடு போயிற்று. அதோடு அவர் பொறுமையும் போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் பாத்தியைப் பார்த்தார். மேலே போட்டிருந்த சருகு காற்றில் விலகிக் கிடந்தது. வேரில் பனி இறங்குமே என்று பெட்டியை வைத்துவிட்டுக் குனிந்து மூடினார். அதற்குள் பஸ் போய்விட்டது. வாழ்நாளில் அவர் தவறவிட்ட முதல் வண்டி அது.

சித்திரையில் தூர் வெடித்துத் துளிர்த்தது. ஆனியில் ஒரு காலை, பதினெட்டு மொட்டுகள் ஒரே மூச்சில் விரிந்தன. ஊதா இதழ்கள், நடுவே முள்முள்ளாய் ஆரஞ்சுக் கூம்பு, அதில் ஏறி இறங்கும் தேனீக்கள்.

அன்று வைகுண்டம் சாப்பிட வரவில்லை. நாச்சியாரம்மாவே தேடிப் போனார். மனிதர் மண்ணில் குப்புறப் படுத்திருந்தார்.

"பூத்திருச்சே, மாஸ்டரய்யா. உபதேசத்துக்கு வரலையா?"

"சத்தம் போடாதீங்கம்மா. கொஞ்சம் பொறுங்க. இந்த ஓரத்து மொட்டு ஒண்ணுதான் பாக்கி. இப்ப விரியப்போகுது, பாருங்க."

"எவ்வளவு நேரம் லேட்டு?"

பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பினார். கடிகாரம் இல்லை. எப்போது கழற்றினோம் என்பதும் நினைவில்லை.

நாச்சியாரம்மா அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"அப்ப ரைட் டைம்தான்" என்றார்.