கனம் குறைந்த தோட்டா

நாலு ஞாயிற்றுக்கிழமையாகப் பொங்கியண்ணன் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். எது லேசான தோட்டா?

அவர் கேட்டது எஸ்தரிடம். இருபத்திரண்டு வருடம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர் எஸ்தர். இப்போது தாராபுரம் பக்கம், கல் எடுத்து முடித்துப் போட்டுவிட்ட ஒரு குவாரிக்குள் சுடக் கற்றுத் தருகிறார். பொங்கியண்ணனைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஆனாலும் குவாரிச் சரிவில் இறங்கும் முன் பொங்கியண்ணன் செருப்பைக் கழற்றிவிடுவார். சொல்லித் தருகிறவர் யாராக இருந்தால் என்ன, வாத்தியார் வாத்தியார்தான்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, ஏமாந்து, உதைபட்டு, திருப்பி உதைத்து முன்னுக்கு வந்த ஆள் அவர். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. கத்தினால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. மாசியில் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். மனைவி பாவாயம்மாளின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. முறுக்கிய முறுக்கில் மணிக்கட்டு ஒடிந்தது.

முகம் தெரியவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். திருட்டுப் பயம் என்று எழுதி ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார்.

முகம் எதற்குத் தெரிய வேண்டும்? ஏழு வயதில் மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து அவன் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். வைத்தியரிடம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் பொங்கியண்ணன்தான். அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வாரம் போன் வந்தது. "ஆடி முடியட்டும், வர்றேன். தோப்புப் பத்திரத்தை எடுத்து வெய்யி. இல்லீன்னா இந்தத் தடவை அம்மாவுக்குக் கையோட போகாது."

இந்தத் தடவை குரலுக்குத் துணி கட்டவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கியண்ணன் இரண்டு தோட்டா டப்பாக்களோடு வந்திருந்தார்.

"இது பாருங் டீச்சர். குண்டு கனம் கம்மி, உள்ளார அழுத்தம் ஜாஸ்தியாமா. கையை ரொம்ப உதைக்காதுங்கறான் கடைக்காரன். ஒண்ணு பட்டாப் போதும், ஆளு அங்கயே நின்னுருவானாமா. இது பழைய ஈயக் குண்டு, கனம்."

"கடைக்காரர் சுட்டுப் பார்த்தாருங்களா?"

"அவன் எங்கீங் சுட்டான்! விக்கத்தான் தெரியும். பல்லைப் பிடிச்சுப் பாக்காம நான் மாடு வாங்குனதில்லைங். அதுக்குத்தான் இங்க கொண்டாந்தேன்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"வர்றவன் நிக்கோணும். ஆனா…"

"ஆனா?"

"லேசாப் படோணுங்."

எஸ்தர் அவரைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னால நாப்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன் ஐயா. அத்தனை பேரும் எது பலமா அடிக்கும்னுதான் கேட்டாங்க."

பொங்கியண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களே! ஊர்க்கதை எதுக்கு?"

எஸ்தர் திரும்பி நடந்தார். தண்ணீர் நிரம்பிய ஐந்து பிளாஸ்டிக் குடங்களைக் கல்சுவருக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கனமான தோட்டாவைப் போட்டுச் சுட்டார்.

முதல் குடம் அசைந்தது, விழவில்லை. முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு துளை. அடுத்தடுத்து நாலு குடங்களிலிருந்தும் நூல்போலத் தண்ணீர் ஊற்றியது.

வேறு ஐந்து குடங்கள் வைத்தார். லேசான தோட்டாவைப் போட்டார்.

முதல் குடம் வாயிலிருந்து அடிவரை பிளந்து இரண்டு பக்கமும் விரிந்தது. தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்தது. இரண்டாவது குடத்தில் ஒரு சின்னத் துளை. மூன்றாவது குடம் வைத்தது வைத்தபடி நின்றது.

"கடைக்காரர் பொய் சொல்லலைங்க ஐயா. இதுதான் லேசானது. வேகமாப் போகும். ரொம்பத் தூரம் போகாது. கொண்டுபோனதை எல்லாம் முதல்ல பட்ட இடத்துலயே இறக்கி வெச்சிரும்."

பொங்கியண்ணன் சேற்றில் இறங்கிப் போனார். பிளந்த குடத்தை எடுத்தார். விரிந்த இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளால் சேர்த்துப் பிடித்தார்.

"அப்ப அந்தக் கனமானதே தேவலைங்களா? குடம் நிக்குதே."

"குடம் நிக்கும். தண்ணி நிக்காதுங்க."

அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"ஏனுங் டீச்சர், படிச்சவன் எத்தனை பேரு உக்காந்து தோட்டாப் பண்றான்? ஆளு விழோணும், சாகக்கூடாது. அப்புடி ஒண்ணு பண்ணோணும்னு ஒருத்தனுக்குக் கூடவா தோணலை?"

"வர்றது யாருங்க ஐயா?"

நாலு வாரமாகக் கேட்காத கேள்வி. பொங்கியண்ணன் குடத்தைக் கீழே வைத்தார்.

"என்ற பையன்."

எஸ்தர் மீதி இருந்த ஒரு முழுக் குடத்தைத் தூக்கிக் கொண்டுபோய்த் தனியாக வைத்தார். ரிவால்வரில் ஒரே ஒரு லேசான தோட்டாவைப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுச் சுடுங்க."

"பேரா? அந்தக் கருமாந்திரம் புடிச்சவனுக்குப் பேரு ஒரு கேடா?"

"வர்றது யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் விரல் விசைக்குப் போகணும். முதல் நாளே சொன்னேன். கூப்பிடுங்க."

பொங்கியண்ணன் இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினார். "டேய்!"

"அது பேர் இல்லைங்க."

"திருட்டு நாயே!"

"அதுவும் இல்லைங்க."

ஒடிந்த மணிக்கட்டோடு, ஒற்றைக் கையால் மாவு பிசையும் பாவாயம்மாளை நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். குடத்தின் நடுவைக் குறி பார்த்தார். கை ஆடவில்லை. இந்த நாலு வாரத்தில் இவ்வளவு ஆடாமல் அந்தக் கை நின்றதே இல்லை.

"விசாகா."

மாசியிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். கல்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"விசாகா… சாமீ…"

துப்பாக்கியின் வாய் முதலில் தரையைப் பார்த்தது. பிறகு தோள் இறங்கியது. எஸ்தர் கிட்டே வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ரிவால்வரை வாங்கித் தோட்டாவை வெளியே எடுத்தார்.

பொங்கியண்ணன் கேட்டார்.

"வர்ற அன்னைக்கு இந்தப் பேரு அவனை நிறுத்துமுங்களா டீச்சர்?"

"தெரியாதுங்க ஐயா. உங்களை நிறுத்திருச்சு."