மைக்கல்லில் நீந்திய கெண்டை

சீனத்தில் சுன் யூ என்று ஒருத்தி, எழுதும் மையை உரசி எடுக்கிற மைக்கல் செதுக்கிப் பிழைத்தாள். அந்தக் கல்லில் மைக்கட்டியை உரச ஒரு சமதளமும், உரசிய மை வழிந்து நிற்க ஒரு குழியும் இருக்கும். குழிக்குள் செதில் செதிலாக ஒரு கெண்டை மீனைச் செதுக்கி, ஆளுநர் ஃபாங்கின் விருந்துக்குக் கொண்டுபோனாள்.

தினம் பத்துக் கவிதை எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிற மனிதர் ஃபாங். பண்டிதர்கள் பார்த்திருக்க, கல்லை விரலால் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "மீன் என்றால் நீந்த வேண்டும். இப்போதே நீந்தாவிட்டால் உனக்கு முப்பது சவுக்கடி."

"நீந்தும் பிரபு. ஆனால் தினம் எழுதுகிற கை மை உரசினால்தான் நீந்தும். தங்கள் கையை விட்டால் இங்கே வேறு கை ஏது?"

ஃபாங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டினார். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மைக்கட்டியை நேராக மீனின் தலையில் வைத்து, பருப்பு கடைவதுபோலக் கடைந்தார். தாடியெல்லாம் மை.

சமதளத்தில்தான் உரச வேண்டும் என்பது பண்டிதர் வீட்டுப் பூனைக்கும் தெரியும். ஒரு கிழப் பண்டிதர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பத்துக் கவிதையையும் எழுதித் தருகிற குமாஸ்தா மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"மீன் எங்கேடி?" என்று உறுமினார் ஃபாங்.

"கலக்கியதில் பயந்து அடிக்குப் போய்விட்டது பிரபு. இந்த மையைத் தொட்டுக் கவிதை எழுதிக்கொண்டே இருங்கள். மை தீர்ந்ததும் தெரியும்." சுன் யூ பணிவாகத் தூரிகையை நீட்டினாள்.

அந்தக் கல் இன்றைக்குப் பழம்பொருளாகிவிட்டது. குழியில் மை அப்படியே காய்ந்து கிடக்கிறது. மீன் இன்னும் மேலே வரவில்லை.