ஜவ்வு மிட்டாயும் சல்ஃபா மருந்தும்

மாசிலாமணி நீட்டிய குடுவையில் இந்த முறையும் கறுப்புப் பிசின்தான் அப்பியிருந்தது.

பள்ளியில் பல வருடங்களாக வேதியியல் நடத்துகிறவர் அவர். விடுமுறை நாட்களில் ஆய்வு மாணவர். வழிகாட்டி பூங்கோதை அவரைவிட வயதில் இளையவள். சல்ஃபா மருந்தைத் தன் கையால் செய்து, அது கிருமியைக் கொல்வதை ஆய்வுக்குழுவுக்குக் காட்டாவிட்டால் அவருடைய பதிவு ரத்தாகிவிடும்.

"அசிட்டைல் மூடி போட்டீங்களா சார்?"

"எதுக்கு மேடம்? கடைசியில அதை எடுக்கத்தானே போறோம்? போட்டு எடுக்கிறதுக்குப் போடாமலே..."

"நாம ஆரம்பிக்கிற அனிலினோட அமினோ முனை இருக்கே, அது..."

"சும்மா இருக்காது. தெரியும்."

"வர்றதை எல்லாம்..."

"பிடிச்சுக்கும். அதுவும் தெரியும் மேடம். ஆனா எனக்கு மட்டும் ஏன் பிசினாவே வருது?"

பூங்கோதை கண்களை மூடித் திறந்தாள். அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், கைப்பையிலிருந்து ஒரு ஜவ்வு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன.

"இப்ப கேளுங்க. எதிர்முனையில கந்தகம் வந்து உட்கார்ந்ததுமே, பக்கத்து மூலக்கூறோட அமினோ முனை அதைப் பிடிச்சுக்கும். அதை இன்னொண்ணு பிடிக்கும். அதுதான் உங்க பிசின். அசிட்டைலைப் போட்டு மூடினா, வேலை முடியறவரைக்கும் அது அடங்கியிருக்கும்."

மாசிலாமணி ஏதோ சொல்ல வந்தார். "ம்ம்ம்" என்றுதான் வந்தது. கடைசிவரை கேட்டார்.

அடுத்த முறை வெள்ளை வெளேரென்று படிகம் வந்தது. அமிலத்தில் கொதிக்கவைத்து அசிட்டைலை எடுப்பது மட்டும் பாக்கி. எடுத்தால் மறுபடி பிசினாகிவிடுமோ? கேட்கலாம் என்று மேடத்தின் அறைவரை போனார். குறுக்கே பேசியதாகிவிடுமோ என்று திரும்பிவிட்டார். படிகத்தை அப்படியே சோதனைக்குக் கொடுத்தார். ஆய்வுக்குழு வந்தபோது, மருந்து வைத்த இடத்தைச் சுற்றிலும் கிருமி செழித்து வளர்ந்திருந்தது.

"அசிட்டைலை எடுத்தீங்களா? அமினோ முனை திறந்திருந்தாத்தானே கிருமியைக் கொல்லும்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

பூங்கோதைதான் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தவணை வாங்கினாள்.

குழு போனதும் மாசிலாமணி வெடித்தார். "மூடச் சொன்னது நீங்கதானே மேடம்? அதையும் மூடினேன். என் வாயையும் மூடினேன். இன்னும் நான் என்னதான் செய்யணும்?"

பூங்கோதை மீதிப் படிகம் இருந்த குடுவையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த மிட்டாய் இன்னுமா கரையலை, சார்?"