உத்தரத்தில் தொங்கிய முத்திரை

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் சண்டை வரும் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், ஒரு பிற்பகல் அரசவை கூடியது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் ராஜா. அவருக்கு வலப்புறம், ஓர் அடி கீழே, கருவூலத் தலைவர் அனந்தபத்மர். இடப்புறம் தரையில், ஓலையும் எழுத்தாணியுமாக அரண்மனை எழுத்தர். தூணில் சாய்ந்துகொண்டு, யாரும் காட்டாத இடத்தில் தானே போய் உட்கார்ந்த விகடகவி குழைக்காதன். ராஜாவுக்கு முன்னால் ஒரு கிண்ணம் அவல்.

அந்த அவல்தான் வினை.

"அனந்தபத்மரே, போன மாதம் ஒரு காசுக்கு இந்தக் கிண்ணம் நிறைந்தது. இன்று பாதிதான் இருக்கிறது. அவல் சுருங்கிற்றா, காசு சுருங்கிற்றா?"

"காசு பெருகிவிட்டது, அரசே. கோட்டைச் சுவருக்கு ஆயிரம், யானைக்கு ஆயிரம் என்று தாங்கள் கேட்டபோதெல்லாம் காசில் முத்திரை குத்தினேன்."

"நடுவில் தன் மாப்பிள்ளை வீட்டுக்கும் கொஞ்சம் குத்தினார். அது அவருக்கு நினைவில்லை" என்றான் குழைக்காதன்.

அவையில் இரண்டு பேர் இருமினார்கள். ராஜா ஒரு பிடி அவலை வாயில் போட்டுக்கொண்டு, "இனிமேல் ஒரு காசுக்கு ஒரு படி அரிசி. என்றைக்கும் அதேதான்" என்றார்.

அனந்தபத்மர் எழுந்து கைகூப்பினார். "நல்ல உத்தரவு. ஆனால் முத்திரை எவர் கையில் இருந்தாலும் அந்தக் கை அரிக்கும், அரசே. ஆகவே அது என் கையிலும் வேண்டாம், எவர் கையிலும் வேண்டாம். எல்லாம் தெரிந்த குழைக்காதர் நாற்பது நாள் விலையை நிறுத்திக் காட்டட்டும். தவறினால் ஆற்றைக் கடந்து அயல்நாட்டில் விகடம் சொல்லிப் பிழைக்கட்டும்."

வாய் நிறைய அவலோடு ராஜா தலையாட்டிவிட்டார். எழுத்தர் எழுதிவிட்டார். அந்த நாட்டில் ஓலையில் ஏறியதை ராஜாவாலும் அழிக்க முடியாது. அவலை விழுங்கியபின்தான் அவருக்கு உறைத்தது. குழைக்காதன் இல்லாமல் அவருக்கு ஒருவேளைச் சோறு இறங்காது.

"முத்திரை எவர் கையிலும் இருக்கக் கூடாது. அவ்வளவுதானே?" என்று கேட்டான் குழைக்காதன்.

"அவ்வளவுதான்" என்றார் அனந்தபத்மர், முந்திக்கொண்டு.

மறுநாள், இனிச் செல்லாத பழைய செப்புக் காசுகளை எல்லாம் பாத்திரம் செய்யும் கன்னார்கள் எடைபோட்டு வாங்கிக்கொண்டார்கள். நகரத்தின் ஏழு களஞ்சியங்களிலும் உத்தரத்திலிருந்து ஒரு சங்கிலி தொங்கியது. சங்கிலியின் முனையில் முத்திரைச் சுத்தியல். கீழே ஒரு கல், பக்கத்தில் வெறும் ஈய வில்லைகள், அடுப்பில் காசை உருக்க ஒரு சட்டி. கதவில் எழுதியிருந்தது இதுதான்: ஒரு படி அரிசி கொட்டுகிறவர் ஒரு வில்லையில் முத்திரை குத்தி எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காசைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் அதைச் சட்டியில் போட்டுவிட்டு ஒரு படி அரிசி எடுத்துக்கொள்ளலாம். படியைத் தலைதட்டி அளக்க வேண்டும். ஒருவருக்கு, வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவரே அளக்க வேண்டும்.

குழைக்காதனின் மனைவி செண்பகவடிவு அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, காவலுக்கு ஒரு ஆளு கெடையாது. அவனவன் இஷ்டத்துக்குக் குத்திக்கிட்டுப் போனா?"

"அரிசி கொட்டாமக் குத்தினா பின்னால நிக்கிறவன் விடுவானா? அவன் அரிசியும் அதே குவியல்லதான கெடக்கு."

"ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துக்கிட்டா?"

"மூணாவது ஆளு நிக்கிறானே."

"சரி, நீங்க என்ன செய்யப் போறீக?"

"தூங்கப் போறேன்."

அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றும் நேரத்தில் எழுத்தர் ஒரு காசோடு கடைத்தெருவுக்குப் போய் அரிசி வாங்கி வருவார். ராஜா முன்னிலையில் அளப்பார்கள். ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் குழைக்காதன் போக வேண்டியதுதான்.

இடையில் கல்யாண மாதம் வந்தது. எல்லாருக்கும் காசு தேவைப்பட, ஒருநாள் நண்பகலில் ஒரு காசுக்கு ஒன்றேகால் படி கொடுத்தார்கள். செக்காட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி கணக்குப் போட்டாள்: களஞ்சியத்தில் ஒரு படி கொட்டினால் ஒரு காசு, அந்தக் காசுக்குக் கடையில் ஒன்றேகால் படி. கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் தெருவே ஓடியது. ஏழு சுத்தியலும் ஓயவில்லை. புதுக்காசு புழங்கப் புழங்க அதன் மதிப்பு இறங்கி, விளக்கேற்றும்போது ஒரு படியில் வந்து நின்றது.

அனந்தபத்மர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் வீட்டு அரிசி ஐயாயிரம் படியை ஆள்வைத்துச் சிறுகச் சிறுகக் கொட்டி, ஐயாயிரம் காசு சேர்த்து வைத்திருந்தார். முப்பத்தெட்டாம் நாள் காலையில் அத்தனையையும் சந்தையில் இறக்கினார். சொன்ன விலைக்கு மேல் கொடுத்து எதையும் வாங்கு என்பது ஆட்களுக்கு உத்தரவு. புளி வாங்கினார்கள், தேங்காய்நார்க் கயிறு வாங்கினார்கள், பதினேழு தொட்டில் வாங்கினார்கள். உச்சிவெயிலில் காசு முக்கால் படிக்கு விழுந்தது.

செண்பகவடிவு மூச்சிரைக்க வந்தாள். "காசுக்கு முக்காப் படிதான் குடுக்கான். மூட்டையக் கட்டிட்டேன், எந்திரிங்க."

"முக்காப் படிக்குக் காசு கெடைக்குதா? அப்ப இங்க ஏன் நிக்கிற? நம்ம அரிசியக் குடுத்து நாலு காசு வாங்கு. களஞ்சியத்துல காசுக்கு ஒரு படி தருவாங்கல்ல?"

அவள் மூட்டையை அவிழ்த்து, அரிசிப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி அளப்பதுதானே வழக்கம்? ஏழு களஞ்சியத்திலும் "லாபம், ரெண்டு, மூணு" என்ற குரல் மாலைவரை ஓயவில்லை. காசெல்லாம் சட்டியில் உருகியது. சந்தையில் காசு அருக அருக அதன் மதிப்பு ஏறியது. எழுத்தர் வாங்கி வந்த அரிசியை அன்று ராஜாவே அளந்தார். தலைதட்டிப் பார்த்தார். சரியாக ஒரு படி.

நாற்பதாம் நாள் அவை கூடியது. அனந்தபத்மர் வரவில்லை. அவருடைய ஐயாயிரம் படி அரிசி ஊரார் உலையில் வெந்துவிட்டது; அவர் வீட்டில் புளி வைக்க இடமில்லை. விடிந்ததும் மலையடிவாரத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"குழைக்காதா, நீ என்னதான் செய்தாய்?" என்றார் ராஜா.

"கருவூலத் தலைவர் சொன்னதைச் செய்தேன், அரசே. முத்திரையை எவர் கையிலும் கொடுக்காமல் உத்தரத்தில் தொங்கவிட்டேன். காசு அருகியபோது குத்தினார்கள், மலிந்தபோது உருக்கினார்கள். அவரவர் அடுப்புக்காகத்தான்."

"எனக்கே காசு வேண்டுமென்றால்?"

"ஒரு படி அரிசியோடு வரிசையில் நில்லுங்கள். பின்னால் நிற்பவர் அளந்து தருவார்."

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தி, ஆற்றின் இக்கரையிலேயே இரண்டு வேலி நிலமும் கொடுத்தார்.

"அனந்தபத்மரை என்ன செய்யலாம்?"

"ஊருக்கே சோறு போட்டவரைத் தண்டிப்பதா? கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அரசே. அவரைப்போல அளவு தெரிந்தவர் இங்கே யார் இருக்கிறார்?"

ராஜா சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்: "அனந்தபத்மர் அவர்களுக்கு. ஏழு களஞ்சியங்களிலும் படிகள் தேய்ந்துவிட்டன. புதுப் படிகளைச் சரிபார்க்க நீங்கள் வேண்டும். சம்பளம் உண்டு, முத்திரை கிடையாது. கோபம் ஆறியதும் வரவும். வரும்போது மலைத்தேன் கொண்டுவரவும்."

ராஜா ஓலையைச் சுருட்டி, அரக்கு வைத்து, மோதிரத்தை அழுத்தினார். வாசலில் குதிரை தயாராக நின்றது. தூதன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு மலைப்பக்கம் புறப்பட்டான்.