வெண்ணெய் இல்லாத ஆப்பிள் பஃப்

இந்த விவரத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் கோபக்காரர்கள் தங்கள் கோபத்தைப் பற்றிப் பேசும்போது அது கொஞ்சம் அழகாகிவிடுகிறது. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் சந்தேகப்பட்டேனோ என்னவோ.

சொன்னவர் நெல்லைநாயகம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம் அவர் மனைவி கோமதிக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், பேக்கரிப் பண்டம் பக்கமே போகக்கூடாது என்றார். கோமதிக்குப் பட்டு, நகை எதிலும் பெரிய ஆசை இருந்ததில்லை. ஆப்பிள் பஃப் என்றால் உயிர்.

அண்ணாச்சி ஒரு ஓவன் வாங்கினார். வீட்டிலேயே கொழுப்பு குறைவான ஆப்பிள் பஃப் செய்யக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். ஹெப்சிபா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார்.

டீச்சர் கல்லூரியில் மனையியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டு மாடியில் பேக்கிங் வகுப்பு வைத்திருந்தார். அண்ணாச்சியைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரிடம் படித்த எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள். அண்ணாச்சி மட்டும் என்னிடம் பேசும்போது குரு என்பார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

வகுப்பு முடிந்து ஐந்து மாதம் கழித்து, வகுப்பே இல்லாத ஒரு வியாழக்கிழமை மதியம், அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு பை. முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்க அண்ணாச்சி. மோர் தரட்டுமா?"

"மோர் வேண்டாம். இன்னும் எதைக் குறைக்கணும்னு சொல்லுங்க."

"எதுல?"

"ஆப்பிள் பஃப்ல."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் என்னத்தைக் குறைச்சீங்க?"

"முதல்ல வெண்ணெயை எடுத்தேன்."

"நான் கொஞ்சமாத்தானே போடச் சொன்னேன். மாவை அடியில வச்ச கை தெரியுற அளவுக்கு மெல்லிசாத் தேய்ச்சு, ஏட்டுக்கு ஏடு பிரஷ்ல தடவச் சொன்னேன்."

"தடவினாலும் கொழுப்பு கொழுப்புதான? எடுத்துட்டேன். பதிலுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டேன். அடுத்த மாசம் எண்ணெயையும் எடுத்தேன். அப்புறம் சர்க்கரை. அப்புறம் மைதாவை எடுத்துட்டுக் கோதுமை. போன வாரம் உப்பையும் எடுத்துட்டேன். அவளுக்குப் பிரஷர் வேற இருக்கு."

"ஆப்பிளை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க."

"தோலோட போடுதேன். நார்ச்சத்து."

டீச்சர் சிரிக்கவில்லை.

"மதினி என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னா. வாராவாரம் நல்லாருக்குன்னுதான் சொன்னா. அந்தப் பொய்யைத்தான் என்னால தாங்க முடியல டீச்சர்."

அதற்குமேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை ரஸ்க் வாங்கப் பேக்கரிக்குப் போயிருக்கிறார். அங்கே கண்ணாடிப் பெட்டி ஓரமாக நின்று கோமதி ஒரு ஆப்பிள் பஃப்பைத் தின்றுகொண்டிருந்தார். மூக்கில் மாவுத் துகள் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி பேக்கரிக்குள் வைத்தே கத்தினார். அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார். கடைக்காரர், தின்றுகொண்டிருந்த பிள்ளைகள், எல்லோரும் பார்த்தார்கள். கோமதி சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

"அன்னையில இருந்து நான் செஞ்ச எதையும் அவ தொடல. தனியா ஒரு கஞ்சி வச்சுக் குடிக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை மதுரைக்கு, மக வீட்டுக்குப் போறாளாம். எப்ப வருவேன்னு கேட்டேன். பதில் இல்ல. மக வீட்டுல எண்ணெய்ப் பலகாரமா பொரிச்சுத் தள்ளுவாங்க. அங்க போனா ஆறு மாசம் தாங்குவாளா?"

"அதனால?"

"அதனால ஞாயித்துக்கிழமைக்குள்ள அவ தின்னுற மாதிரி ஒண்ணு செய்யணும். உடம்புக்கும் கெடுதல் வரக்கூடாது. எங்க தப்பு பண்ணுதேன்னு சொல்லுங்க. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? உங்க பாடம்தான இது?"

கடைசி வாக்கியத்தை அவர் உரக்கச் சொன்னார். கீழ் வீட்டு நாய் குரைத்தது.

டீச்சர் எழுந்து ஓவனைப் போட்டார்.

"செய்ங்க. எப்பவும் செய்யுற மாதிரியே செய்ங்க."

அண்ணாச்சி தன் பையிலிருந்து கோதுமை மாவையும் ஆப்பிளையும் எடுத்து வைத்தார். வெறும் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். பிசைந்த வேகத்தில் மேசை ஆடியது. மாவைச் சப்பாத்திக் கனத்துக்குத் தேய்த்தார். ஆப்பிளை வாணலியில் போட்டுத் தண்ணீர் சுண்ட வதக்கும் வேலையை அவர் செய்யவில்லை. பச்சையாகவே நறுக்கி, பட்டைத் தூள் தூவி, நடுவில் வைத்து மடித்தார். ஓரத்தை முள்கரண்டியால் குத்திக் குத்தி மூடினார். மேலே ஆவி போகக் கீறல் போட மறந்துவிட்டார். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் திருத்தவில்லை.

ஓவனில் பஃப் வெந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அண்ணாச்சி பேசினார். கோமதியைப் பற்றி, கோமதியின் அம்மாவைப் பற்றி, பேக்கரிக்காரனைப் பற்றி. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தன்மேல் இவ்வளவுதானா மரியாதை என்று கேட்டார். டீச்சர் மேசையைத் துடைத்தார். பாத்திரம் கழுவினார்.

மணி அடித்தது. தட்டு வெளியே வந்தது. இரண்டு பஃப். ஒன்று ஓரம் வெடித்து, ஆப்பிள் நீர் வழிந்து கருகியிருந்தது. இன்னொன்று முழுசாக இருந்தது. டீச்சர் அந்த முழுசை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

ஒரு தட்டில் வைத்து அண்ணாச்சி முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"நான் ருசி பார்க்க மாட்டேன் டீச்சர். எங்க வீட்டு வழக்கம் அது. படையலுக்குச் செஞ்சு பழகுன குடும்பம். சமைக்கிறவன் வாயில வைக்கக் கூடாது. எங்கப்பா உப்புகூடப் பார்க்க மாட்டார். மணத்தை வச்சே சொல்லுவார்."

"படைச்சு முடிச்சப்புறம்?"

"என்ன?"

"சாமிக்குப் படைச்சு, தீபாராதனை காட்டி முடிச்சப்புறம் அந்தச் சோத்தை என்ன செய்வீங்க?"

"பிரசாதமாச் சாப்பிடுவோம்."

"யாரு?"

"எல்லாரும்தான். படைச்சவன் முதல் கை எடுக்கணும். எடுக்காம எந்திரிச்சா சாமி குத்தம்னு சொல்லுவார் எங்கப்பா."

"சரி. அஞ்சு மாசமா மதினிக்குப் படைக்கீங்க. முதல் கை யாரு எடுத்தா?"

அண்ணாச்சி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஒவ்வொரு வாரமும் எத்தனை செய்வீங்க?"

"ஆறு."

"ஆறையும்?"

"அவதான். நாளுக்கு ஒண்ணுன்னு தின்னுடுவா."

"நீங்க?"

"எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லயே டீச்சர். எனக்கு எதுக்குப் பத்தியம்?"

"சாயந்திரம் என்ன சாப்பிடுவீங்க?"

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். மைதானத்தில் நடந்துவிட்டு வரும் வழியில் உளுந்த வடை என்று என்னிடம் சொன்னார். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லையாம். சட்டைப்பையில் எண்ணெய்க்கறையோடு வடைத் துணுக்கும் ஒட்டியிருந்தது, டீச்சர் அதைப் பார்த்துவிட்டார் என்றார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

"இதப் பாருங்க. நான் வழி கேட்டு வந்தேன். நீங்க என்னை அவமானப்படுத்துதீங்க."

"பேக்கரியில நடந்ததுக்குப் பேரு என்ன?"

அவர் எழுந்தார். பையை எடுத்தார். படிவரைக்கும் போனார். டீச்சர் கூப்பிடவில்லை. தட்டையும் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்திலும் கோபம் இருந்தது என்று அண்ணாச்சி சொன்னார். சத்தமில்லாத கோபம். அதைத்தான் தன்னால் தாண்டிப் போக முடியவில்லை என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். பஃப்பை எடுத்துக் கடித்தார்.

முதல் கடியில் பல் இறங்கவில்லை. இரண்டாவது கடியில் ஒரு துண்டு உடைந்தது. மென்றார். வாயில் இருந்த எச்சில் முழுவதையும் அது குடித்துவிட்டது. உள்ளே மாவு வேகாமல் ஆப்பிள் தோலோடு சேர்ந்து கிடந்தது. உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. பட்டைத் தூள் மட்டும் தொண்டையில் காறியது.

"தண்ணி குடுங்க டீச்சர்."

"மதினிக்கு நீங்க எடுத்துக் குடுப்பீங்களா?"

"அவளே எந்திரிச்சுப் போய்க் குடிப்பா."

"செம்பு அந்த மூலையில இருக்கு."

அண்ணாச்சி எழுந்து போய்க் குடித்தார். வந்து மறுபடியும் தின்றார். தாடை வலித்தது. பாதியில் நிறுத்தி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தட்டைப் பார்த்தார். அண்ணாச்சி மிச்சத்தையும் தின்றார். தட்டில் விழுந்த துகளை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றார். அதைத் தின்ன வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.



"இதையா நல்லாருக்குன்னு சொன்னா?" என்றார் அண்ணாச்சி. குரல் இப்போதும் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் யார்மீது என்று தெரியவில்லை.

டீச்சர் வெடித்துக் கருகிய இன்னொரு பஃப்பை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவர் பைக்குள் வைத்தார்.

"இது எதுக்கு?"

"சாயந்திரத்துக்கு. வடைக்குப் பதிலா."

அண்ணாச்சி பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சர். இன்னும் எதைக் குறைக்கணும்?"

"குறைக்க ஒண்ணும் பாக்கி இல்ல அண்ணாச்சி. ஒரு தட்டு கூட்டுங்க."

அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான். இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டோடு நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு எங்காவது பார்ப்பார். மற்றதை நான்தான் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை அவர் மறுபடியும் மாடிக்குப் போனார். இந்த முறை டீச்சர் சொன்னபடி மாவைக் கண்ணாடி மாதிரித் தேய்த்தார். நாலே ஏடு, நடுவில் உருக்கிய வெண்ணெய் பட்டும் படாமலும். ஆப்பிளைத் தோல் சீவி, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு வதக்கினார். மேலே மூன்று கீறல். வீட்டில் இரண்டு தட்டு வைத்து முதலில் தன் தட்டிலிருந்து கடித்தார். கோமதி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதி தின்றார். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போகத்தான் செய்தார். தீபாவளிக்கு முன்னால் திரும்பி வந்தார்.

இப்போதும் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று தட்டு வந்தது. காகிதம் போல மொறுமொறுப்பு, கையில் எண்ணெய் ஒட்டவில்லை. கோமதி மதினி தன் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். உள்ளே போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி தின்றாரா இல்லையா என்பதல்ல நான் இத்தனை வருடம் நம்பாமல் இருந்தது. கல் மாதிரி ஒன்றை ஒருவர் ஒரு மதியம் தின்றுவிட முடியும். கோபத்திலேயேகூடத் தின்றுவிட முடியும். நம்ப முடியாதது வேறு.

அண்ணாச்சி துகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் குனிந்து, உள்ளே கேட்காத குரலில் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த அஞ்சு மாசமும் மதினி அதை ஏன் தின்னாங்கன்னு அவங்ககிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"