மிஞ்சிய புளியங்கொட்டை

“இப்போதும் ஒன்று மிஞ்சுகிறது அம்மா,” என்றான் அந்துவன்.

அவன் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது.

குரத்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. மலைக்குகையில் வாழ்ந்த அந்தச் சமணப் பெண்துறவிக்கு அவன் வயதில் பாதிதான் இருக்கும்.

“எத்தனை வரிசை அடுக்கினீர்கள்?”

“பதின்மூன்று.”

“அதற்கு முன்?”

“பதினொன்று. அதற்கும் முன் ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு. எப்படி அடுக்கினாலும் இந்த ஒன்று மட்டும் கையில் நிற்கிறது.”

“நான்கு? ஆறு?”

“உப்பு விற்றவன் நான். இரண்டுக்கே அடங்காதது நான்குக்கும் ஆறுக்கும் எப்படி அடங்கும்?”

அந்துவன் உப்பு வண்டியோடு கடற்கரைக்குப் போயிருந்த சமயத்தில் ஊருக்கு வைசூரி வந்தது. திரும்பி வந்தபோது மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிரை விட உத்தரவு கேட்டுத்தான் மலை ஏறினான். குருவான குரத்தியின் உத்தரவில்லாமல் அங்கே யாரும் அப்படி உட்காரக் கூடாது.

குரத்தியோ பாறையில் கிடந்த குவியலைக் காட்டினாள். முப்பதாயிரத்து முப்பத்தொரு புளியங்கொட்டைகள்.

“சம வரிசைகளாக அடுக்குங்கள். ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஒரே வரிசையாக நீட்டினாலும், வரிசைக்கு ஒன்றாக வைத்தாலும் செல்லாது. அடுக்கி முடித்தால் உத்தரவு.”

சாகப் போகிறவனுக்குக் கொடுக்கிற வேலையா இது? இருந்தாலும் செய்தான். அவனுக்கு வேறென்ன வேலை இருந்தது?

“இந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது,” என்றான் இப்போது. “இது நான்தான். எல்லாரும் அவரவர் வரிசைக்குப் போய்விட்டார்கள். இதைத் தூக்கி வீசினால் மற்றதெல்லாம் அழகாக அடங்கும். என்னை விட்டுவிடுங்கள் அம்மா. தாங்க முடியவில்லை.”

“அதைக் குவியலில் போடுங்கள்.”

போட்டான்.

“ஐம்பத்தொன்பது வரிசை அடுக்குங்கள்.”

“வீண் வேலை.”

“வீண் வேலைதான். அடுக்குங்கள்.”

முதுகு ஒடிய அடுக்கினான். வரிசைக்கு ஐந்நூற்று ஒன்பது வந்தது. கடைசிக் கொட்டையை வைத்துவிட்டு, பழக்கத்தில் உள்ளங்கையைப் பார்த்தான்.

காலியாக இருந்தது.

நம்பாமல் பாறை இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தான். எதுவும் விழுந்து கிடக்கவில்லை.

அவனுக்கு அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. குரத்தியிடம் போய்க் கைகூப்பினான்.

“அடங்கிவிட்டது. உத்தரவு கொடுங்கள்.”

“கொடுத்தேன்.” குரத்தி வரிசைகளைக் காட்டினாள். “உட்காரும் முன் அந்த ஒரு கொட்டையை மட்டும் எடுத்து வீசிவிடுங்கள்.”

அந்துவன் வரிசைகளுக்கு நடுவே நடந்தான். எல்லாம் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. அத்தனை காலம் கையில் வைத்திருந்தது எது என்று அடையாளம் தெரியவில்லை.

“எது என்று தெரியவில்லை அம்மா.”

“ஏதாவது ஒன்றை எடுங்கள்.”

குனிந்து ஒன்றை எடுத்தான்.

வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் திரும்பிய நாளில்கூட அழாதவன், அங்கேயே உட்கார்ந்து, மனைவியின் பெயரைச் சொல்லி, பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, வாய்விட்டு அழுதான்.

வெகுநேரம் கழித்து, “வீசவில்லையா?” என்றாள் குரத்தி.

அந்துவன் கொட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தான்.